குடித்திருந்தார் என்பது ஊருக்கே தெரியும், ரிப்போர்ட்டில் ஏன் இல்லை?

குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரால் உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகள் இவை. மோட்டார் விபத்து வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்களும் தடய அறிவியல் அறிந்தவர்களும் பதிலளிக்கிறார்கள்.

கே: இரவு 11 மணிக்குக் கார் மோதி என் கணவர் இறந்தார். ஓட்டியவர் மீது மது வாடை அடித்ததை அங்கிருந்த நாலு பேர் சொன்னார்கள். ஆனால் விடியற்காலை 5 மணிக்குத்தான் அவருக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். 100 மில்லி ரத்தத்தில் 20 மில்லிகிராம் ஆல்கஹால் என்று ரிப்போர்ட். "முப்பதுக்குக் கீழே இருக்கிறது, குடிபோதைப் பிரிவு நிற்காது" என்கிறார்கள். அவ்வளவுதானா?
– வாசகி, விழுப்புரம்

ப: அவ்வளவுதான் என்று விட்டுவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். ஆனால் உங்கள் கையில் இருப்பது 5 மணி ரத்தத்தின் அளவு. விபத்து நடந்தது 11 மணிக்கு.

குடிப்பது நின்று, உள்ளே போனது ரத்தத்தில் கலந்து முடிந்த பிறகு, உடல் 100 மில்லி ரத்தத்துக்கு மணிக்குச் சுமார் 10 முதல் 20 மில்லிகிராம் வரை ஆல்கஹாலைக் கழிக்கும். 6 மணி நேரத்தில் குறைந்தபட்சம் 60 போயிருக்கும். 20-ஐயும் சேர்த்தால் 80. அதிகபட்சக் கணக்கில் 140. எப்படிப் பார்த்தாலும் வரம்பைத் தாண்டுகிறது. இந்தக் கணக்கை நீங்களோ உங்கள் வழக்கறிஞரோ நீதிமன்றத்தில் சொன்னால் எடுபடாது. தடய அறிவியல் ஆய்வக நிபுணரின் எழுத்துபூர்வக் கருத்தாக வர வேண்டும். அதைக் கேட்டுப் பெறும்படி விசாரணை அதிகாரிக்கு மனு கொடுங்கள். நகலை எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

எதிர்த்தரப்பு இரண்டு இடத்தில் இந்தக் கணக்கை உடைக்கப் பார்க்கும். "கிளம்பும்போதுதான் குடித்தேன், 11 மணிக்கு ரத்தத்தில் ஏறவே இல்லை" என்பது ஒன்று. "விபத்து நடந்த பதற்றத்தில், அதற்குப் பிறகுதான் குடித்தேன்" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் பார் பில்லிலும், யு.பி.ஐ. பணப் பரிமாற்ற நேரத்திலும், பார் வாசல் கேமராவிலும் இருக்கிறது. பல இடங்களில் கேமரா பதிவு 15 முதல் 30 நாளில் தானாக அழிந்து புதியது பதிவாகிவிடும். ஆகவே முதல் வாரத்திலேயே "பதிவைப் பாதுகாத்து வையுங்கள்" என்று கடை உரிமையாளருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். பென்டிரைவில் நகல் எடுத்தால் மட்டும் போதாது. பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் இணைக்காவிட்டால் அதைச் சாட்சியமாக ஏற்கமாட்டார்கள்.

ரத்தம் எடுத்த விதத்தையும் பாருங்கள். ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக் கூடாது. சோடியம் ஃபுளோரைடு கலந்த குழாயில், வழக்கமாகச் சாம்பல் நிற மூடி போட்டது, எடுக்க வேண்டும். ஃபுளோரைடு இல்லாமல் வெயிலில் கிடந்தால் கிருமிகள் சர்க்கரையை நொதிக்கவைத்து ஆல்கஹாலை உண்டாக்கலாம், இருந்ததைக் குறைக்கவும் செய்யலாம். குழாயில் பெயர், நேரம், சீல், டாக்டர் கையெழுத்து, ஆய்வகத்துக்குக் கொண்டுபோன காவலர் யார், எந்தத் தேதியில் கொடுத்தார், இடையில் எங்கே வைத்திருந்தார்கள் என்று சங்கிலி அறுபடாமல் ஆவணம் இருக்க வேண்டும். பல வழக்குகள் தோற்பது இந்தச் சங்கிலியில்தான்.

2024 மே 19-ல் புனேயில் இரண்டு இளம் ஐ.டி. ஊழியர்கள் சொகுசுக் கார் மோதி இறந்த வழக்கு நினைவிருக்கும். கார் ஓட்டியதாகச் சொல்லப்பட்ட சிறுவனின் ரத்த மாதிரியே மாற்றப்பட்டது என்று போலீஸ் குற்றம்சாட்டி, அரசு மருத்துவமனை டாக்டர்களைக் கைது செய்தது. வேறொரு மருத்துவமனையில் எடுத்த இரண்டாவது மாதிரியோடு டி.என்.ஏ. ஒப்பிட்டதில்தான் சந்தேகம் உறுதியானது. உங்கள் வழக்கிலும் அப்படிச் சந்தேகம் எழ நியாயமான காரணம் இருந்தால், மீதி மாதிரியை டி.என்.ஏ. ஒப்பீட்டுக்கு அனுப்பும்படி மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

கே: டாக்டர் சான்றிதழில் "மது அருந்தியிருக்கிறார், ஆனால் போதையில் இல்லை" என்று எழுதியிருக்கிறார். இப்படியும் எழுத முடியுமா?
– வாசகர், கரூர்

ப: முடியும், எழுதுகிறார்கள். வாடை, பேச்சுத் தடுமாற்றம், கண்மணி, நடை இவற்றைப் பார்த்து எழுதும் சான்றிதழ் அது. பழகிய குடிகாரர் 100 மில்லிகிராமோடு நேராக நடப்பார். சட்டம் நடையைக் கேட்கவில்லை, அளவைக் கேட்கிறது. அதனால் சான்றிதழோடு ரத்தமும் எடுத்தார்களா, எடுக்கவில்லையென்றால் ஏன் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. 185-வது பிரிவில் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்கிறது 202-வது பிரிவு. தக்க காரணமில்லாமல் பரிசோதனைக்கு மறுத்தால், அந்த மறுப்பே அவருக்கு எதிரான சூழ்நிலையாகக் கொள்ளப்படும் (பிரிவு 205).

கே: மகனைக் கொன்றவன் மறுநாளே ஜாமீனில் வந்து எங்கள் தெருவிலேயே நடமாடுகிறான். போலீஸை விலைக்கு வாங்கிவிட்டானா?
– வாசகர், தென்காசி

ப: அப்படியும் இருக்கலாம். ஆனால் போட்ட பிரிவே அதற்கு இடம் கொடுத்திருக்கும். எஃப்.ஐ.ஆரில் பி.என்.எஸ். (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 281, 106(1) மட்டும் இருந்தால் அது அஜாக்கிரதையால் மரணம்: அதிகபட்சம் 5 ஆண்டு, ஜாமீனில் விடக்கூடிய குற்றம். மரணம் நேரலாம் என்று தெரிந்தே செய்தார் என்றால் 105-வது பிரிவு: 10 ஆண்டு வரை, ஜாமீனில் விட முடியாதது, செஷன்ஸ் நீதிமன்ற வழக்கு.

குடித்திருந்தார் என்பதால் மட்டும் 105 தானாக வந்துவிடாது. "தெரிந்தே" என்பதைக் காட்ட வேறு ஆதாரம் வேண்டும்: எதிர்த்திசையில் வந்தது, சிவப்பு விளக்கைத் தாண்டியது, கூட இருந்தவர் "ஓட்டாதே" என்று தடுத்தது, முதல் இடிக்குப் பிறகும் நிற்காமல் போனது. 1999-ல் டெல்லியில் பி.எம்.டபிள்யூ. மோதி 6 பேர் இறந்த வழக்கிலும், 2006-ல் மும்பை பாந்த்ராவில் நடைபாதையில் தூங்கிய 7 தொழிலாளர்கள் இறந்த வழக்கிலும் பழைய தண்டனைச் சட்டத்தின் 304-இரண்டாம் பகுதியே (இன்றைய 105 போன்றது) பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் சொன்னது. ஆனால் தண்டனை? மும்பை வழக்கில் 3 ஆண்டு. டெல்லி வழக்கில் ஏற்கெனவே சிறையில் கழித்த 2 ஆண்டு போதுமென்று விட்டு, 50 லட்ச ரூபாயும் சமூக சேவையும் விதித்தார்கள். பிரிவு மாறினால் நீதி முழுமையாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

செய்ய வேண்டியது: பிரிவை மாற்றக் கோரி ஆதாரத்தோடு விசாரணை அதிகாரிக்கு மனு. அசையவில்லையென்றால் மாஜிஸ்திரேட். குற்றப்பத்திரிகை போன பிறகும் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 239-ன் கீழ் குற்றச்சாட்டை மாற்ற நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. விசாரணை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டியது போலீஸின் கடமை (193). அரசு வழக்கறிஞருக்கு உதவியாக உங்கள் வழக்கறிஞரையும் அனுமதிக்கக் கேட்கலாம்.

கே: "ஓட்டியவர் குடித்திருந்தால் இன்ஷூரன்ஸ் பைசா தராது" என்கிறார்கள். அப்படியானால் குடிக்கவில்லை என்று சொல்வதுதான் எங்களுக்கு நல்லதா?
– வாசகி, சேலம்

ப: இந்த மிரட்டலை நம்பியே பல குடும்பங்கள் வாயை மூடிக்கொள்கின்றன. அவசியமில்லை. தன் சொந்தக் காருக்கான சேதத்தை ஓட்டியவர் கேட்டால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் மறுக்கலாம். 2021-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இறந்தவர் மூன்றாம் நபர் (பாலிசி எடுத்தவரும் இல்லை, நிறுவனமும் இல்லை, வெளியாள்), அவர் குடும்பத்தின் நிலை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் போதையும் ஒரு மறுப்புக் காரணமாகச் சேர்ந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் "நிறுவனம் முதலில் குடும்பத்துக்குக் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்" என்ற உத்தரவை நீதிமன்றங்கள் வழங்கிவருகின்றன. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் உங்கள் மனுவிலேயே இதை மாற்றுக் கோரிக்கையாக எழுதுங்கள். ஓட்டியவர், உரிமையாளர், நிறுவனம் மூவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.

தொகை எப்படி வரும் என்பதற்கு ஒரு கணக்கு. 34 வயது, சொந்தத் தொழில், மாத வருமானம் 20,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரைச் சார்ந்தவர்கள். எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்தால் 28,000. சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழித்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. அந்த வயதுக்கான பெருக்கு எண் 16. ஆக 40,32,000. இதற்கு மேல் ஈமச்சடங்கு, துணையிழப்பு போன்ற தலைப்புகள். இதில் தகராறு வருவது அந்த 20,000-ல்தான். வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி., வருமான வரிக் கணக்கு, கடை வாடகை ரசீது என்று எது இருந்தாலும் இப்போதே எடுத்துவையுங்கள்.

இழப்பீட்டு மனு போடக் காலக்கெடு விபத்து நாளிலிருந்து 6 மாதம். அந்தக் கெடுவை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது, அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். போலீஸ் தன் பங்குக்கு முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள்ளும், விரிவான அறிக்கையை 90 நாளுக்குள்ளும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும்.

கே: இறந்த என் தம்பியின் உள்ளுறுப்பு ரிப்போர்ட்டிலும் ஆல்கஹால் என்று வந்துவிட்டது. "அவர் மீதும் தப்பு" என்று இழப்பீட்டில் பாதியைக் குறைக்கப் பார்க்கிறார்கள்.
– வாசகர், நாகர்கோவில்

ப: ஆல்கஹால் இருந்தது என்பது வேறு, அதனால்தான் விபத்து என்பது வேறு. இரண்டாவதை இன்ஷூரன்ஸ் நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். இரைப்பையில் இருந்த ஆல்கஹாலை வைத்து ரத்த அளவைச் சொல்ல முடியாது. அளவே குறிப்பிடாமல் "உள்ளது" என்று மட்டும் ரிப்போர்ட் இருந்தால் குறுக்கு விசாரணையில் அதைக் கேளுங்கள். உடல் அழுகத் தொடங்கியிருந்தால் இறந்த பிறகும் ஆல்கஹால் உருவாகும். பிரேத பரிசோதனை எத்தனை மணி நேரம் கழித்து நடந்தது, உடல் குளிர்பெட்டியில் இருந்ததா என்பதையும் கேளுங்கள்.

கே: ஓட்டியவர் குடித்திருப்பது தெரிந்தும் சாவி கொடுத்த நண்பருக்கு ஒன்றும் இல்லையா?
– வாசகர், மதுரை

ப: உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 188, குடிபோதையில் ஓட்டத் தூண்டியவரையும் தண்டிக்கிறது. ஓட்டியவர் குடித்திருந்தது அவருக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சி வேண்டும். அதே மேஜையில் உட்கார்ந்து குடித்த பில் இருந்தால் வேலை சுலபம்.