“கொஞ்ச நாளைக்குத்தானே?” – கடிதம்

வணக்கம் ஐயா,

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பஸ் போனவன் என் மூத்த மகன். போய் ஒரு மாதமாகிறது. சனி ஞாயிறு வீட்டுக்கு வந்தால் முந்தி மாதிரிக் கதைக்கிறானில்லை. இரவு ஒரு மணிக்கு, இரண்டு மணிக்குப் போன் வருகிறது. எழும்பி முற்றத்துக்குப் போய் நின்றபடியே “ஓம் அண்ணா, ஓம் அண்ணா” என்கிறான். கேட்டால், “ஒண்டுமில்லையம்மா, கொஞ்ச நாளைக்குத்தான்” என்கிறான். இவரோ, “செல்லடிக்குள்ளால வந்த பெடியன், இதெல்லாம் ஒரு விசயமே, விடு” என்கிறார். நான் கம்பஸுக்குப் போய்ச் சொல்லவா? சொன்னால் இவனை ஒதுக்கிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

– ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

போனில் கதைக்கிறவனுக்குப் பயந்து, சொந்த வீட்டு முற்றத்தில் நடுச்சாமம் எழும்பி நிற்கிறான் உங்கள் மகன். அவனுக்குப் பகிடிவதை (ராக்கிங்) நடக்கிறது. வேறு அத்தாட்சி தேவையில்லை. இன்னும் கவனித்தால் பிடிபடும்: சீனியர்மாரின் பெயரையும் ஊரையும் பாடமாக்குவான், ஒரே மாதிரிச் சேர்ட்டைத்தான் போட வேண்டும் என்று நிற்பான், கொடுத்த காசு ஏன் முடிந்தது என்று சொல்லமாட்டான், போனில் வந்த செய்திகளை உடனே அழிப்பான்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தொடை வீங்கி, படி ஏற முடியாமல் நொண்டிக்கொண்டு வந்தால், சிறுநீர் பிளேன்ரீ (பால் விடாத தேத்தண்ணி) நிறத்தில் போனால் அல்லது குறைந்தால், அன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தெழும்ப வைத்தால் தசை சிதைந்து, அதிலிருந்து கசியும் புரதம் இரத்தத்தோடு போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இது ஓரிரு நாள் கழித்தும் தெரியவரலாம். டொக்டரிடம் “பந்தடிச்சவன்” என்று மறைக்காமல் உள்ளதைச் சொல்லுங்கள், அப்போதுதான் சரியான சோதனை செய்வார்கள். 1997இல் பேராதனைப் பொறியியல் பீட மாணவன் வரப்பிரகாஷ், கடும் உடற்பயிற்சி செய்ய வைக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்துதான் இறந்தான். அவனுக்கும் அது “கொஞ்ச நாளைக்கு” என்றுதான் சொல்லப்பட்டிருக்கும்.

உங்கள் கணவரின் கதையை வன்னியில் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் பட்டது அவருக்குத் தெரியும். ஆனால் 2009இல் உங்கள் மகனுக்கு மூன்று நான்கு வயதிருக்கும். பங்கருக்குள் கிடந்ததும் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் வரிசையில் நின்றதும் அவனைப் பலப்படுத்துவதற்கு நடந்த பயிற்சியா? பட்டவன் இன்னும் கொஞ்சம் படட்டும் என்பது எந்த ஊர் நியாயம்? இருட்டில் யாராவது அதட்டினாலே உடம்பு உதறுகிற பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை முழங்காலில் நிற்க வைக்கிறவனுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் விடுவானோ என்னவோ.

சரி, ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயத்துக்கு வருவோம். அது வெறும் பயமில்லை, பகிடிவதையே அதில்தான் ஓடுகிறது. அடிக்குப் பயந்து பணிகிறவர்கள் குறைவு. பணிந்தால் பழைய வினாத்தாள் கிடைக்கும், சீனியர்மார் பாடம் சொல்லிக்கொடுக்கிற குப்பி வகுப்பு கிடைக்கும், போர்டிங்கில் இடம் கிடைக்கும், கூடப் படிக்கிற பாட்சின் கூட்டுக் கிடைக்கும். பணியாவிட்டால் ஒன்றுமில்லை. வீட்டில் கம்பஸ் போன ஒருவருமே இல்லாத பிள்ளைக்கு இந்தப் பேரத்தை மறுக்கிறது லேசில்லை. ஆகவே “பயப்படாதே” என்று சொல்லிப் பிரயோசனமில்லை. அந்தச் சாமான்களை வேறு வழியால் எடுத்துக் கொடுங்கள். ராக்கிங் செய்யாத சீனியர் எந்தப் பீடத்திலும் இருப்பார்கள், சத்தம் போடாததால் கண்ணில் படமாட்டார்கள். உங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்து உயர்தர ஆசிரியரிடம் கேளுங்கள், தன்னிடம் படித்துப்போன ஒருவரையாவது காட்டுவார். அப்படி ஒரே ஒரு அண்ணனோ அக்காவோ கிடைத்தாலே பாதிப் பாரம் குறையும்.

மகனுக்குத் தெரியாமல் கம்பஸுக்குப் போகாதீர்கள். அவன் உங்களை நம்பாமல் போனால் பிறகு ஒன்றையுமே சொல்லமாட்டான். முதலில் ஸ்கிரீன்ஷொட், திகதி, நேரம் எல்லாவற்றையும் சேர்த்து உங்கள் போனுக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். அதை என்ன செய்வது என்று அவனே முடிவெடுக்கட்டும். அடி, காயம், பாலியல் தொல்லை, செத்துப் போகலாம் போலிருக்கிறது என்ற கதை – இதில் ஒன்று வந்தாலும் அந்த விதி செல்லாது, நீங்களே போங்கள். மாணவ ஆலோசகரிடம் போகலாம். உள்ளே நம்பிக்கை இல்லையென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமோ பொலிசிடமோ நேராக முறையிடலாம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொல்லையோ பாரதூரமான காயமோ என்றால் பத்து வருடம் வரை. கம்பஸ் மதிலுக்கு வெளியே நடந்தாலும் குற்றம் குற்றம்தான். மனதுக்கு நோவும் பயமும் உண்டாக்குவதையும் அந்தச் சட்டம் பகிடிவதை என்றே சொல்கிறது. நடுச்சாமப் போனும் அதற்குள் வரும்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருக்கின்றன. எங்கெங்கோ இருந்து வந்த பிள்ளைகள் நம் வீடுகளில் அறை எடுத்து இருக்கிறார்கள். கம்பஸ் காவலாளி காணாததை அறை கொடுத்த அக்கா காண்பார்: இரவில் ஒரு அறைக்குள் இருபது சோடி செருப்பு ஏன் கிடக்கிறது என்று. “படிக்கிற பிள்ளைகள், நமக்கேன்” என்று லைட்டை நிப்பாட்டிவிட்டுப் படுக்காமல், கதவைத் தட்டித் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டாலே போதும், அன்றைக்குக் கூட்டம் கலைந்துவிடும். வாடகைக்குக் கொடுக்கும்போதே, இங்கே அது நடந்தால் அறை இல்லை என்றும் சொல்லிவிடலாம்.

கடைசியாக, உங்கள் மகனும் அடுத்த வருடம் சீனியர். “எனக்குச் செய்தவங்கள், நானும் செய்வன்” என்பது அப்போதுதான் வாயில் வரும். இப்போது புத்தி சொன்னால் எடுபடாது, அவனே நொந்துபோய் இருக்கிறான். புதிய பாட்ச் வருவதற்கு முதல் கிழமை அவன் வீட்டுக்கு வருவான் அல்லவா, அன்றைக்கு அவனுடைய அப்பாவையே கதைக்கச் சொல்லுங்கள்.