கேள்வி - பதில்: உலகமயமாக்கலை எங்கே பிடித்து ஆராய்வது?

கேள்வி: எம்.ஏ. பொருளியல் ஆய்வேட்டுக்கு உலகமயமாக்கலை எடுத்திருக்கிறேன். எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்கு கிடைக்கிறது என்று காட்ட ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கு போதுமா?
– வாசகி, மதுரை

பதில்: போதாது. சுங்கக் கணக்கு, சரக்கின் முழு மதிப்பையும் கடைசியாக அனுப்பிய நாட்டின் பெயரில் எழுதிவிடும். ஐபோன் 3ஜி பற்றி யூசிங் சிங், நீல் டெட்டர்ட் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஒரு போனின் தயாரிப்புச் செலவு 178.96 டாலர். அதில் சீனாவில் பாகங்களைப் பூட்டிய செலவு வெறும் 6.50 டாலர். ஃபிளாஷ் மெமரியும் திரையும் தோஷிபாவுடையவை, பிராசசர் சாம்சங்குடையது. ஆனாலும் 2009இல் ஐபோனால் மட்டும் சீனாவுடன் அமெரிக்காவுக்கு 190 கோடி டாலர் வர்த்தகப் பற்றாக்குறை என்று கணக்கானது. சீனாவில் சேர்ந்த மதிப்பை மட்டும் எடுத்தால் அது சுமார் 7.3 கோடிதான்.

அதனால் நாட்டை விட்டுவிட்டு ஒரு பொருளைப் பிடியுங்கள். உங்களுக்குத் திருப்பூர் பக்கம்தானே, ஒரு டி-ஷர்ட் போதும். நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு விவரம் எழுதுங்கள்: வேலை யார் செய்கிறார், சரக்கு யாருக்குச் சொந்தம், வாங்கிய விலையும் விற்ற விலையும் என்ன, அளவையும் தரத்தையும் முடிவு செய்வது யார். நான்காவதை விட்டுவிடவே கூடாது. அதிகாரம் எங்கே இருக்கிறது என்று சொல்வது அதுதான். கார், விமானத் துறைகளில் உற்பத்தியாளர் கை ஓங்கியிருக்கும், ஆடை, காலணியில் வாங்குபவர் கை ஓங்கியிருக்கும் என்று சமூகவியலாளர் கேரி ஜெரெஃபி 1994இல் பிரித்துக் காட்டியது இந்த அடிப்படையில்தான்.

விற்ற விலைகளைக் கூட்டிவிடாதீர்கள். நூலின் விலை துணியிலும் சட்டையிலும் திரும்பத் திரும்ப ஏறும். விற்ற விலையிலிருந்து வெளியே வாங்கியவற்றைக் கழித்தால் மிஞ்சுவதே அந்தக் கட்டத்தின் மதிப்பு. ஜாப் ஒர்க்கில், அதாவது பிறர் சரக்கில் கூலிக்கு வேலை செய்யும்போது, துணி ஏற்றுமதியாளருடையது. சாயப்பட்டறை பில்லில் இருப்பது கிலோவுக்கான கூலி மட்டும். அதைத் துணியின் விலை என்று எடுத்தால் கணக்கே கவிழும். எஃப்.ஓ.பி. விலையோடு (சரக்கைக் கப்பலில் ஏற்றுவது வரையிலான விலை) நிறுத்தினால், துறைமுகத்துக்கு அப்பால் கப்பல் வாடகை, இறக்குமதி வரி, பிராண்டின் லாபம், கடைச் செலவு எதுவும் உங்கள் ஏட்டில் வராது.

கேள்வி: அப்படியானால் வாலர்ஸ்டீனின் உலக அமைப்புக் கோட்பாடு வேண்டாமா?

பதில்: வேண்டும். உலகப் பொருளாதாரத்தை, லாபம் குவியும் மையம், அதற்கு மலிவாக உழைப்பும் பொருளும் தரும் விளிம்பு என்று பிரித்துப் பார்க்கும் கோட்பாடு அது. ஒரு பொருள் உருவாகி முடியும் வரை கடக்கும் கட்டங்களின் தொடர், அதாவது பண்டச் சங்கிலி, என்ற கருத்தே 1977இல் அவரும் ஹாப்கின்ஸும் முன்வைத்ததுதான். மையம், விளிம்பு என்பதை ஒரு முழு நாட்டுக்கும் முத்திரையாகக் குத்தாமல், சங்கிலியின் கட்டங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். சரிபார்க்க, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட அமைப்பான ஓஇசிடியும் உலக வர்த்தக அமைப்பும் 2013 முதல் தரும் மதிப்புக்கூட்டு வர்த்தகத் தரவு (ஏற்றுமதியில் எந்த நாடு எவ்வளவு மதிப்பைச் சேர்த்தது என்ற கணக்கு) இருக்கிறது. அது முழுத் துறையின் சராசரி. உங்கள் டி-ஷர்ட்டைத் தனியாக அதில் தேடாதீர்கள்.