பாதரச ஊர் அல்மதேனுக்கு அம்மாவையும் பையனையும் கூட்டிப் போகலாமா?

வாசகி ஒருவரின் கேள்வி: ஏப்ரலில் ஸ்பெயின் போகிறோம். மாட்ரிடிலிருந்து கோர்தோபாவுக்குக் காரில் போகும் வழியில் அல்மதேன் பாதரசச் சுரங்கத்தைப் பார்க்க வேண்டும் என்று கணவருக்கு ஆசை. கூடவே 70 வயது அம்மாவும் 9 வயது மகனும் வருகிறார்கள். மூன்று மணி நேரம் ஒதுக்கினால் போதுமா? பாதரசம் விஷமாயிற்றே, குழந்தையை அழைத்துப் போகலாமா?

போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் மூன்று மணி நேரம் போதவே போதாது. மாட்ரிடிலிருந்து அல்மதேன் சுமார் 300 கிலோமீட்டர், அங்கிருந்து கோர்தோபா போகும் சாலை மலைப்பாங்கானது, வளைவுகள் அதிகம். அம்மாவை வைத்துக்கொண்டு ஒரே நாளில் இரண்டு ஓட்டத்தையும் முடித்து, நடுவில் சுரங்கத்திலும் இறங்கி ஏறினால் எல்லோரும் களைத்துப் போய்விடுவீர்கள். முதல் நாள் மாலை போய்ச் சேர்ந்து ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை முதல் வேளையிலேயே சுரங்கத்தைப் பாருங்கள். சுரங்கம் இப்போது பார்வையாளர்களுக்கான சுரங்கப் பூங்கா, அங்கே வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், குழுவுக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு, அதனால் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

பயத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது. அல்மதேனில் வெட்டி எடுத்தது பளபளவென்று ஓடும் பாதரசத்தை அல்ல, பெரும்பாலும் அதன் தாதுவான சிவப்புக் கல்லை. நம் சித்த மருத்துவத்தில் சாதிலிங்கம் என்கிறோமே, அதேதான். கந்தகத்தோடு சேர்ந்து கல்லாக இருக்கும் வரை அது எளிதில் ஆவியாகாது. உடைக்கும்போது பறக்கும் தூசியும், உலையில் சுடும்போது கிளம்பும் ஆவியும்தான் ஆளைக் கொன்றவை. வெட்டு வேலை நின்றே இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீங்கள் இறங்கப் போவது சுமார் 50 மீட்டர் ஆழத்தில் இருக்கும் முதல் தளம், சுரங்கம் அதற்குக் கீழே 700 மீட்டர் வரை போகிறது. அங்கே ஒன்றிரண்டு மணி நேரம் நடப்பதும், வருடக் கணக்காகத் தூசியைச் சுவாசித்ததும் ஒன்றல்ல. பையனிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: சிவப்பாக எந்தக் கல்லைக் கண்டாலும் எடுக்கக் கூடாது, பையில் போட்டுக்கொள்ளவும் கூடாது. வெளியே வந்ததும் கை கழுவ வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் இறங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டா என்பதை முன்பதிவின்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அம்மா விஷயம் வேறு. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கூண்டு லிஃப்டில் இறங்க வேண்டும், கீழே தரை மேடு பள்ளமாக இருக்கும், ஈரம் உண்டு, குளிரும். முழங்கால் வலி இருந்தால் அவரை மேலே உள்ள அருங்காட்சியகத்தில் ஓய்வாகப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லோரும் மூடிய ஷூ, ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கம் பெரும்பாலும் ஸ்பானிஷில்தான் இருக்கும், அதனால் கொஞ்சம் படித்துவிட்டுப் போவது நல்லது. அதற்காகத்தான் கீழே உள்ளதைச் சற்று நீட்டி எழுதுகிறேன்.

சுரங்கச் செல்வத்தால் உருவான ஊர் என்றதும் மாளிகைகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இந்த ஊரின் செல்வம் இந்த ஊரில் தங்கவில்லை. 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவில் வெள்ளித் தாதுவோடு பாதரசத்தைக் கலந்து வெள்ளியைப் பிரிக்கும் முறை வந்ததும், அல்மதேன் பாதரசம் இல்லாமல் மெக்சிகோ வெள்ளி இல்லை என்ற நிலை ஆனது. ஆட்டுத்தோல் பைகளில் கட்டி, மாட்டு வண்டியிலும் கோவேறு கழுதையிலும் ஏற்றி செவில் நகரம் வரை கொண்டு போய்க் கப்பல் ஏற்றினார்கள். அரசருக்குக் கடன் கொடுத்த ஜெர்மனியின் ஃபுக்கர் குடும்பம் 1645 வரை சுரங்கத்தைக் குத்தகைக்கு வைத்திருந்தது. மனிதகுலம் இதுவரை பயன்படுத்திய பாதரசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே இடத்திலிருந்து போனது என்று கணக்கிடுகிறார்கள். ஊரில் மிஞ்சியவை ஒரு சிறையின் சுவடுகளும் ஒரு காளைச்சண்டை அரங்கும் ஒரு மருத்துவமனையும் ஒரு சுரங்கப் பள்ளியும். அதனால் இவற்றை அந்த வரிசையிலேயே பாருங்கள், அப்போதுதான் கதை புரியும்.

கீழே உங்களுக்குக் கைதிகளின் சுரங்கவழியைக் காட்டுவார்கள். கப்பல் துடுப்பு வலிக்கத் தண்டனை பெற்றவர்களை 16ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கே அனுப்பி வேலை வாங்கினார்கள். 18ஆம் நூற்றாண்டில் கட்டிய சிறைக்கும் சுரங்கத்துக்கும் நிலத்துக்கு அடியிலேயே வழி இருந்தது, கைதி வேலைக்குப் போகும்போதுகூட வெயிலைப் பார்க்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். பாதரச நஞ்சால் கை கால் நடுங்கிப் போனவரை அங்கே மொதோர்ரோ என்பார்கள். பயத்தில் வெடவெடவென்று நடுங்குபவரைப் 'பாதரசம் ஏறியவனைப் போல் நடுங்குகிறான்' என்று சொல்வது இன்றும் ஸ்பானிஷில் வழக்கம்.

மேலே வந்ததும் பழைய உலைகளைத் தவறவிடாதீர்கள், எனக்கு அந்த ஊரில் மிகப் பிடித்தது அதுதான். இரண்டு பக்கமும் திறந்த, நடுவில் வயிறு பருத்த சுடுமண் குடுவைகளை ஒன்றின் வாயில் இன்னொன்றைச் செருகி வரிசை வரிசையாகச் சரிவில் படுக்க வைத்திருப்பார்கள். உலையில் தாது சுட்டு எழும் ஆவி அந்த மண் குழாய்களுக்குள் ஓடி ஓடிக் குளிர்ந்து, சரிவின் அடியில் பாதரசமாகச் சொட்டும். பெருவில் கண்டுபிடித்த இந்த முறையை 1646இல் இங்கே கொண்டு வந்தார்கள். பிற்காலத்தில் பாதரசத்தை அடைத்து அனுப்பிய இரும்புக் குடுவையைக் கண்டால் பையனிடம் காட்டுங்கள்: இரண்டரை லிட்டர் தண்ணீர் பிடிக்கும் அளவுதான், ஆனால் உள்ளே போன பாதரசம் மட்டும் முப்பத்து நாலரை கிலோ!

மதியம் ஊருக்குள் போங்கள். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை கடைகள் சாத்தியிருக்கும், ஆகவே முதலில் சாப்பாடு, அப்புறம் மற்றதெல்லாம். காளைச்சண்டை அரங்கு வட்டமாக இருக்காது, அறுகோணம். சுற்றிலும் வெள்ளையடித்த வீடுகளே சுவராக நிற்கும். 1752இல் கட்டத் தொடங்கினார்கள். அந்த வீட்டு வாடகையிலும் காளைச்சண்டை வருமானத்திலும்தான் சுரங்கத் தொழிலாளர்களுக்கான சான் ரஃபேல் மருத்துவமனை எழுந்தது. உடம்பைக் கெடுத்த வேலைக்கு மருந்து வாங்க ஊர் இப்படிப் பணம் சேர்க்க வேண்டியிருந்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்த மைதானத்தின் நடுவில் நின்று பாருங்கள். மருத்துவமனைக் கட்டடம் நடந்து போகும் தூரம்தான், இப்போது சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றிய அருங்காட்சியகம். ஸ்லோவேனியாவில் உள்ள இத்ரியா என்ற இன்னொரு பாதரசச் சுரங்க ஊரோடு சேர்த்து 2012இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஏப்ரல் நல்ல தேர்வு. ஜூலை, ஆகஸ்டில் அங்கே வெயில் கொளுத்தும், அம்மாவுக்குத் தாங்காது. கார் எடுப்பதானால் இந்திய லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும், இங்கேயே வாங்கிவிடுங்கள். நீண்ட தூரம் ஓட்ட யோசனையாக இருந்தால் மாட்ரிடிலிருந்து அதிவேக ரயிலில் சியுதாத் ரியால் வரை ஒரு மணி நேரத்தில் போய், அங்கே கார் எடுக்கலாம், அதற்கு மேல் சுமார் 100 கிலோமீட்டர்தான். சுரங்கம் பார்த்த அன்றே கோர்தோபாவுக்கு மதியச் சாப்பாடு முடிந்து மருத்துவமனை அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு நாலு மணி வாக்கில் கிளம்புங்கள், அந்த மலைச் சாலையை இருட்டுவதற்குள் கடந்துவிடலாம்.