வாசகர் கேள்வி பதில்: நாலு பேர் இருந்தால் பிக்கிள்பால் கிளப் தொடங்கலாமா?

கேள்வி: ஓய்வு பெற்றவர்களுக்கான குடியிருப்பில் இருக்கிறோம். யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பாட்மின்டன் கோர்ட் இங்கே உண்டு. உங்கள் குடியிருப்பில் பிக்கிள்பால் (பேடில் என்ற கெட்டியான மட்டையால் பிளாஸ்டிக் பந்தை நெட்டுக்கு மேல் அடித்து ஆடும் ஆட்டம்) கிளப்பை எப்படித் தொடங்கினீர்கள், எப்படி வளர்த்தீர்கள்? இங்கே நாலு பேருக்குத்தான் ஆர்வம் இருக்கிறது. நிர்வாகக் குழுவோ, முதலில் உறுப்பினர் பட்டியலைக் கொடுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்கிறது.

பதில்: நாலு பேர் தாராளமாகப் போதும் அம்மா, டபுள்ஸ் ஆட அவ்வளவு பேர்தானே வேண்டும். பட்டியலுக்காக வீடு வீடாகப் போகாதீர்கள். ஆட்டத்தைப் பார்க்காதவரிடம் கையெழுத்து கேட்டால் "யோசித்துச் சொல்கிறேன்" என்பார், அதோடு சரி. நாங்கள் குழுவிடம் கேட்டது, காலையில் அந்தக் கோர்ட்டைப் பயன்படுத்த அனுமதி மட்டும்தான். பணம் கேட்கவில்லை, அதனால் மறுக்கவும் அவர்களுக்குக் காரணம் இல்லை.

உங்களிடம் பாட்மின்டன் கோர்ட் இருப்பது பெரிய வசதி. பாட்மின்டன் டபுள்ஸ் கோர்ட் 20 அடி அகலம், 44 அடி நீளம், பிக்கிள்பாலுக்கும் அதே அளவுதான். 1965இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிட்சர்டும் பில் பெல்லும் இந்த ஆட்டத்தை முதலில் ஆடிப் பார்த்ததே வீட்டோடு இருந்த பாட்மின்டன் கோர்ட்டில்தான், அந்த அளவு அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் செய்ய வேண்டியது, நெட்டை இறக்கிக் கட்டுவது, ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34. பிறகு நெட்டிலிருந்து 7 அடியில் இரண்டு பக்கமும் ஒரு கோடு. பாட்மின்டனின் முன் சர்வீஸ் கோடு ஆறரை அடியில் இருக்கும், அதற்கு அரை அடி பின்னால் சாக்பீஸால் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கும் நெட்டுக்கும் இடைப்பட்ட பகுதிக்குக் கிச்சன் என்று பெயர், அதற்குள் நின்று பந்தைத் தரையில் படாமல் அடிக்கக் கூடாது. முதுகுப்புறம் ஓட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், கோடுகளைத் தாண்டி எல்லாம் சேர்த்து 30க்கு 60 அடியாவது வேண்டும்.

அப்புறம் ஆட்கள். எங்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது காலை நடைப் பயிற்சிதான். நடக்கிறவர்கள் போகும் நேரத்திலேயே ஆடினோம், ஓரத்தில் நாலைந்து நாற்காலியும் உபரியாக இரண்டு பேடிலும் வைத்தோம். நின்று பார்க்கிறவரை "உட்காருங்கள்" என்று சொல்வது, உட்கார்ந்தவரிடம் கொஞ்ச நேரம் கழித்து "பத்துப் பந்து அடித்துப் பாருங்கள்" என்று பேடிலைக் கையில் கொடுப்பது, இவ்வளவுதான் எங்கள் விளம்பரம். புதிதாக வருகிறவருக்கு மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள்: சர்வை இடுப்புக்குக் கீழே வைத்துக் குறுக்காகப் போட வேண்டும், சர்வும் அதற்கு வரும் பதிலும் ஒவ்வொரு முறை தரையில் பட்ட பிறகுதான் அடிக்க வேண்டும், கிச்சனுக்குள் வாலி, அதாவது பந்து தரையில் படும் முன் அடிப்பது, கூடாது. ஸ்கோர் சொல்லும் முறையை முதல் நாளே சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். டபுள்ஸில் மூன்று எண் சொல்ல வேண்டும், ஆட்டமே 0-0-2 என்றுதான் தொடங்கும், விளையாடவே தெரியாதவரிடம் அதை விளக்கினால் மறுநாள் வர மாட்டார்.

வளர்ந்த பிறகுதான் உண்மையான சோதனை. நன்றாக ஆடும் நாலு பேர் தங்களுக்குள்ளேயே ஆட ஆரம்பிப்பார்கள், அது இயல்பு, தப்பு சொல்ல முடியாது, ஆனால் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் புதியவர் தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று எழுந்து போய்விட்டால், ஏன் போனார் என்று நமக்குத் தெரியவே தெரியாது. நான் பார்த்தவரை கிளப் கலைவது கோர்ட் போதாமல் இல்லை, இதனால்தான். நாங்கள் பேடில் வரிசை வைத்தோம். வந்தவர் தன் பேடிலை வரிசையில் வைக்க வேண்டும், 11 பாயிண்ட் ஆட்டம் முடிந்ததும் நாலு பேரும் இறங்க வேண்டும், வரிசையின் முதல் நாலு பேடில் உள்ளே போகும். யாரும் யாரையும் கெஞ்ச வேண்டாம், ஜெயித்தவர் தொடர்ந்து கோர்ட்டைப் பிடித்துவைக்கவும் முடியாது. தீவிரமாக ஆட விரும்புகிறவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்கினோம், பதிலுக்கு அவர்கள் வாரத்தில் ஒரு காலை புதியவர்களோடு ஜோடி சேர வேண்டும் என்றோம். இதைப் பிடிவாதமாகக் காப்பாற்றுங்கள். கூட்டம் தானாகச் சேரும், அப்போது பட்டியலைக் கொண்டுபோய்க் குழுவிடம் கொடுங்கள், நிரந்தரக் கோடும் நல்ல நெட்டும் கேளுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு 74 வயது. ஆட ஆசைப்படுகிறார். விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

பதில்: பயம் நியாயமானது. சின்ன கோர்ட் என்பதால் ஆபத்தில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த ஆட்டத்தில் விழுகிறவர்களில் நிறையப் பேர், தலைக்கு மேல் போகும் பந்தை விரட்டிப் பின்புறமாகவே ஓடி விழுகிறார்கள், கையை ஊன்றி மணிக்கட்டு முறிகிறது. அப்படிப் பந்து வந்தால் உடம்பைத் திருப்பி ஓட வேண்டும், இல்லை என்றால் விட்டுவிட வேண்டும். எங்கள் கிளப்பில் அந்தப் பாயிண்டை விட்டவரைப் பாராட்டிக் கைதட்டுவோம், புதியவர் மனதில் அது பதிகிறது. ஓட்டத்துக்கான ஷூ வேண்டாம், பக்கவாட்டில் திரும்பும்போது அது பிடிப்புத் தராது, கோர்ட் ஷூ வாங்கிக் கொடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. ஈரமான தரையில் ஆட்டமே கிடையாது. இதய நோய் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொண்டாலோ, டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் கோர்ட்டில் இறங்க வேண்டும்.

கேள்வி: கோர்ட்டுக்குப் பக்கத்து வீட்டார் சத்தம் தாங்கவில்லை என்கிறார்கள். சும்மா குறை சொல்கிறார்களா?

பதில்: இல்லை. கெட்டியான பேடிலில் பிளாஸ்டிக் பந்து படும் 'டொக் டொக்' கூர்மையானது, விட்டுவிட்டு வருவதால் காது அதைப் பழகிக்கொள்வதில்லை. நேரே போய்ப் பேசுங்கள், விடிகாலையையும் மதியத் தூக்க நேரத்தையும் விட்டுக்கொடுங்கள். பயிற்சிக்கு ஸ்பாஞ்சு பந்து பயன்படுத்தலாம், சத்தம் குறைந்த பேடில்களும் கிடைக்கின்றன. புதுக் கோர்ட் கட்டுவதானால் வீடுகளை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள்.

கேள்வி: இந்த வயதில் எங்களுக்குப் போட்டியெல்லாம் வேண்டுமா?

பதில்: ஏன் கூடாது? அமெரிக்காவில் எல்லா வயதினருக்குமான முதல் தேசியப் போட்டி 2009இல் அரிசோனாவின் பக்கை நகரில் நடந்தது, அதுவும் 55 வயதைத் தாண்டியவர்களுக்காகக் கட்டிய ஒரு குடியிருப்பில். சுமார் 400 பேர் ஆடினார்கள். உங்கள் குடியிருப்பில் சின்னதாக நடத்துங்கள், ஜோடிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள், தோற்றவுடன் வீட்டுக்கு அனுப்பாமல் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் ஆட்டம் கிடைக்கும்படி அட்டவணை எழுதுங்கள். விளையாட முடியாதவர்கள் ஸ்கோர் எழுதலாம், கோடு பார்க்கலாம். அவர்களையும் உறுப்பினர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.