சாய்ந்த மரமும் சமமாக வெட்டும் ஆசையும்: வாசகர் கேள்விகள்

வீட்டு முன்னால் உள்ள மரம் ஒருபக்கம் மட்டும் அடர்ந்திருக்கிறது. எப்போது வெட்டலாம்? (ஊட்டி)

என்ன மரம்? எவ்வளவு உயரம்? சுவர் எந்தப் பக்கம்? இதெல்லாம் எழுதாமல் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? ஊட்டிக்குப் பொதுவாக ஒன்று: ஐப்பசி, கார்த்திகையில் மரத்தில் கை வைக்காதீர்கள். அப்புறம் வரும் இளந்துளிர் டிசம்பர், ஜனவரி உறைபனியில் கருகிவிடும். பனி விட்டு, மார்ச் வாக்கில் வெட்டுங்கள்.

பாட்டில் பிரஷ் மரத்தை அடிக்கடி ஒழுங்காக வெட்டிவிடுகிறேன். பூவே இல்லை. (கோத்தகிரி)

அந்த வெட்டுதான் காரணம். மொட்டு கிளை நுனியில் வருகிறது. பூ வாடியதும் அதற்குச் சற்றுக் கீழே நறுக்குங்கள், அதோடு விடுங்கள்.

சைப்ரஸ் கேட் பக்கம் பெருத்துவிட்டது. உள்ளே காய்ந்த பகுதிவரை வெட்டலாமா? (கொடைக்கானல்)

கூடாது. பச்சை இல்லாத பழைய கட்டையிலிருந்து சைப்ரஸ் துளிர்க்காது. அந்த ஓட்டை ஓட்டையாகவே நிற்கும்.

சுவரோரத்து ஜகரந்தா ரோட்டுப் பக்கமே வளர்ந்தது. தேயிலைத் தோட்ட அனுபவம் உள்ளவர் மேலே சமமாக வெட்டினார். இப்போது குச்சி குச்சியாகக் கிளம்பியிருக்கிறது. (குன்னூர்)

இதே கடிதம் மரத்தின் பெயர் மட்டும் மாறித் திரும்பத் திரும்ப வருகிறது. தேயிலைக் கவாத்து வேறு, மரத்தை வெட்டுவது வேறு! தேயிலையை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை தாழ வெட்டுகிறோம். வேரில் இருக்கும் மாவுச்சத்தை வைத்து அது எக்கச்சக்கமாகத் துளிர்க்கும். நமக்கும் கொழுந்துதான் வேண்டும். ஜகரந்தாவை மொட்டையடித்தால் வருவது நீர்ப்போத்து, நீங்கள் சொல்லும் அந்தக் குச்சிகள்தான். பட்டைக்கடியில் மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கும். நாலு வருடத்தில் தடித்ததும் ஜூன், ஜூலைக் காற்றுக்கு முறிந்து விழும். வெட்டுவாயில் தண்ணீர் இறங்கி நடுமரமும் அழுகும். இவ்வளவுக்கும் கூலி கொடுத்திருக்கிறீர்கள்.

செய்திருக்க வேண்டியது இது: ரோட்டுப் பக்கத்து நீளக் கிளைகளை, அவற்றின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கும் பக்கக்கிளை பிரியும் இடம்வரை குறைப்பது. சுவர்ப் பக்கம் ஒரு கொம்பைக்கூடத் தொடக்கூடாது; வெளிச்சம் விழுந்தால் அங்கே தானாக அடரும். ஒரு வருடத்தில் மொத்த இலையில் கால்வாசிக்கு மேல் எடுக்கக்கூடாது. சரி, இனி? ஒவ்வொரு கட்டையிலும் நல்ல போத்து இரண்டு மூன்றை நிறுத்தி, மற்றதை இரண்டு மூன்று வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியுங்கள்.

பெரிய கிளையை வெட்டினால் அடிமரம்வரை பட்டை உரிகிறது. (குன்னூர்)

அரிவாளை வைத்துவிட்டு ரம்பம் எடுங்கள். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கீழிருந்து கால்வாசி அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்குங்கள். மீதிக் கட்டையைக் கழுத்தை ஒட்டி, கழுத்தில் படாமல் அறுங்கள். கிளை சேருமிடத்தில் சுருக்கம் விழுந்து தடித்திருக்கிறதே, அதுதான் கழுத்து. காயத்தை மூடிவரும் புதுப்பட்டை அங்கிருந்துதான் வரும்.

வெட்டிய இடத்தில் தார் பூசலாமா? (கோத்தகிரி)

வேண்டாம். மரங்களை அறுத்து ஆராய்ந்த அமெரிக்கர் அலெக்ஸ் ஷைகோ காட்டியபடி, மரம் அழுகலைச் சுற்றித் தானே சுவர் எழுப்பி அடைக்கிறது. தார் அதற்கு உதவாது.

மரத்தையே எடுத்துவிட்டால்? (கொடைக்கானல்)

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பட்டா நிலமானாலும் அனுமதி கேட்காமல் கோடாலி எடுக்காதீர்கள். முதலில் கிளையைக் குறைத்துப் பாருங்கள், அதுவும் வருடத்துக்குக் கால்வாசிதான்.