கழற்றிய கியர்பாக்ஸை வாங்கலாமா?

கேள்வி: திண்டிவனம் பகுதியில் காய்கறி மூட்டைகளை ஏற்றிப் பிழைப்பவன் நான். எனது 2010-ஆம் ஆண்டு டாடா 207 பிக்அப் வண்டியில் மூன்றாவது கியர் ஓட்டத்திலேயே நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. புதிய கியர்பாக்ஸ் வாங்க வசதியில்லை. விபத்தில் முன்பக்கம் நசுங்கிய அதே ரக வண்டி ஒன்று பழைய பாகங்கள் விற்கும் கடைக்கு வந்திருக்கிறது. கியர்பாக்ஸ், எஞ்சின், பிரேக், ஸ்டியரிங் பாகங்கள் அனைத்தையும் மொத்தமாகத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா? சில மாதங்களுக்கு முன் வேறொரு கடையில் 'புத்தம் புதியது' என்று சொல்லிக் கொடுத்த செல்ஃப் மோட்டார் பத்தே நாளில் எரிந்துபோனது. உள்ளே பழைய காயிலுக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். திருப்பிக் கேட்டதற்கு, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். இதற்கு ஏதாவது வழி உண்டா?

பதில்: கியர்பாக்ஸை வாங்கலாம், மொத்தமாக வாங்க வேண்டாம். ஆனால் அதற்கும் முன்பாக உங்கள் வண்டியின் கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு கியர் மட்டும் நழுவுகிறது என்றால், பெரும்பாலும் அந்தக் கியருக்குரிய ஃபோர்க் (கியரைத் தள்ளிப் பொருத்தும் கவை) தேய்ந்திருக்கும், அல்லது அதைப் பிடித்து நிறுத்தும் லாக் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது கியரை ஷாஃப்டோடு இணைக்கும் சின்க்ரோ ஹப்பின் பற்கள் மழுங்கியிருக்கும். இவை தனித்தனியாகக் கிடைக்கும் பாகங்கள். இவற்றை மாற்றினால் முழுப் பெட்டிக்கான செலவே மிச்சமாகலாம்.

பிரித்துப் பார்த்த பிறகும் முழுப் பெட்டிதான் வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், விபத்து வண்டியின் கியர்பாக்ஸை அவரைக் கூடவே அழைத்துச் சென்று பாருங்கள். பழைய வாகனப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் அனுபவமுள்ள ஒரு மெக்கானிக் செய்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர் விலை பேசவே இல்லை. முதலில் வடிகால் போல்ட்டைக் கழற்றி, கொஞ்சம் ஆயிலைத் தினத்தாள் மீது ஊற்றி, வெயிலில் சாய்த்துப் பார்த்தார். விரலில் தேய்த்தால் மாவு போன்ற சாம்பல் நிறப் பொடி மட்டும் இருந்தால் அது இயல்பான தேய்மானம். ஊசி முனை அளவுக்கு மின்னும் துணுக்குகள் இருந்தால் உள்ளே பல் உடைந்திருக்கிறது அல்லது பேரிங் சிதைந்திருக்கிறது. ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை வண்டிகள் வெள்ளத்தில் நின்றன என்பதை நினைத்தால், இந்த ஒரு சோதனையைத் தவிர்க்கவே கூடாது என்பேன். அதன் பிறகு அவர் எஞ்சினிலிருந்து பெட்டிக்குள் செல்லும் ஷாஃப்டை மேலும் கீழுமாக அசைத்தார். ஒவ்வொரு கியரிலும் போட்டுக் கையால் சுற்றினார். இவ்வளவுக்கும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

207 என்ற பெயர் பல ஆண்டுகளாக இருக்கிறது. பெயர் ஒன்றுதான் என்றாலும் உள்ளே இருக்கும் பாகங்கள் எல்லா ஆண்டிலும் ஒன்றல்ல. ஆகவே பெட்டியின் மேல் பதித்திருக்கும் எண்ணையும் பாக எண்ணையும் உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். பின் அச்சையும் மாற்றும் எண்ணம் இருந்தால், அதற்குள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் கிரவுன் (பெரிய பற்சக்கரம்), பினியன் (சிறிய பற்சக்கரம்) இரண்டின் பற்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். 41-க்கு 9 இருக்கும் இடத்தில் 41-க்கு 10 வந்து உட்கார்ந்தால், பாரத்தோடு மேட்டில் ஏறும்போது வண்டி திணறும். வேகமானியும் தவறாகக் காட்டும்.

பிரேக், ஸ்டியரிங் விஷயத்தில் என் பதில் கண்டிப்பானது. பிரேக் ஹோஸ், லைனிங், வீல் சிலிண்டர், டை ராடு எண்டு, பால் ஜாயின்ட் ஆகியவற்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கழற்றிய வண்டியிலிருந்து வாங்காதீர்கள். அதிலும் முன்பக்கம் மோதி நசுங்கிய வண்டியின் ஸ்டியரிங் இணைப்புகளில், கண்ணுக்குத் தெரியாத வளைவும் வெடிப்பும் இருக்கலாம். கதவு, பின் டோர், பம்பர் போன்றவற்றைத் தாராளமாக எடுக்கலாம்.

எஞ்சினை மாற்றுவது கியர்பாக்ஸை மாற்றுவது போன்றதல்ல, ஏனெனில் எஞ்சின் எண் உங்கள் ஆர்.சி.யில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி எஞ்சின் மாற்றத்தை 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். கடனில் உள்ள வண்டியென்றால் நிதி நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதத்தையும் முன்கூட்டியே பெற்றுவிடுங்கள். பதியாமல் விட்டால், உங்கள் வண்டிக்கு ஆண்டுதோறும் காட்ட வேண்டிய எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுச் சோதனையிலும், நாளை விபத்து நேர்ந்து காப்பீடு கேட்கும்போதும் எண் ஒத்துப்போகாது. திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால் காவல் நிலையம் வரை போக நேரும். எனவே விபத்து வண்டியின் ஆர்.சி. நகலையும், பதிவை ரத்து செய்ததற்கான சான்றையும் காட்டாத கடையில் எஞ்சினைத் தொடவே வேண்டாம். பில்லில் 'பழைய பாகம்' என்று மட்டும் எழுத விடாமல், வண்டியின் பதிவெண், பாக எண், எத்தனை நாள் உத்தரவாதம் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

இனி செல்ஃப் மோட்டார். பழைய பொருளைப் பழையது என்று சொல்லி விற்றால், அதன் வயதுக்கேற்ற தேய்மானத்தைக் குறை என்று வாதிடுவது கடினம். உங்களுக்கு நடந்தது அதுவல்ல. பழையதையோ புதுப்பித்ததையோ புதியது என்று சொல்லி விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அவ்வாறே. அச்சிட்ட அந்த ஒற்றை வரி இந்தச் சட்டத்தைத் தள்ளி வைத்துவிடாது.

'வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார்' என்று கடைக்காரர் வாதிடக்கூடும். தானே உழைத்துச் சுயதொழிலால் பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவரை அந்த விலக்கிலிருந்து சட்டமே வெளியே வைத்திருக்கிறது. உங்கள் வண்டியை நீங்களே ஓட்டுகிறீர்கள் என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். எரிந்த மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் பத்திரமாக வைத்திருங்கள், பெயிண்டுக்கு அடியில் தெரியும் காயிலைப் படமெடுங்கள், பிரித்துப் பார்த்த மெக்கானிக்கிடம் ஒரு பக்கக் குறிப்பு வாங்குங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பித் தந்துவிடுகின்றன. தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. குறை தெரிந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது.