வழவழப்பு தண்ணீருடையது: கதீட்டர், கைடு வயர், கண் லென்ஸ் பற்றிய கேள்வி பதில்

மண்டபம்: அண்ணே, அப்பாவுக்கு சிறுநீர் வடிக்க கோட்டிங் போட்ட கதீட்டர் குழாய் எழுதிக் கொடுத்தாங்க. கவரைப் பிரிச்சுத் தொட்டா சாதாரண பிளாஸ்டிக் டியூப் மாதிரிதான் இருக்கு. மாத்திக் கொடுத்துட்டாங்களோ?

காய்ந்த நிலையில் அப்படித்தான் இருக்கும். கஞ்சிப் பாசியைக் கரையில் காயப்போட்டால் மொறமொறவென்று ஆகிவிடும். அதையே திரும்பத் தண்ணீரில் போட்டால் கையில் நிற்காமல் வழுக்கும். கதீட்டர் கோட்டிங்கும் அதே குணம்தான். பெரும்பாலும் பாலிவினைல் பிர்ரோலிடோன், சுருக்கமாக பி.வி.பி. என்ற பாலிமரை (நீண்ட சங்கிலி மூலக்கூறை) மெல்லிய படலமாகக் குழாய்மேல் ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் பட்டதும் அது உறிஞ்சி உப்பும். வழுக்குவது அந்தப் பாலிமர் பிடித்துவைத்திருக்கும் தண்ணீர்ப் படலம். தண்ணீர் இல்லையென்றால் வழவழப்பும் இல்லை.

சந்தேகம் இருந்தால், பயன்படுத்தப்போகாத ஒரு குழாயில் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பாருங்கள். கோட்டிங் இல்லாத சிலிக்கோனில் சொட்டு முத்தாக உருண்டு நிற்கும், சொட்டின் ஓரம் மேற்பரப்போடு சேரும் தொடுகோணம் 100 டிகிரிக்கு மேல் வரும். நல்ல கோட்டிங்கில் சொட்டு அப்படியே பரவிப் படியும்.

பாம்பன்: எந்தத் தண்ணியில ஊற வைக்கணும்? எங்க ஊர் கிணத்துத் தண்ணி உப்பு. கடல் தண்ணி சுத்தம்னு ஒருத்தர் சொன்னார்.

கடல் தண்ணீர் வேண்டவே வேண்டாம். கிருமி ஒரு பக்கம் இருக்கட்டும். கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு, உடல் திரவத்துக்கு இணையான சலைன் என்ற உப்புநீரில் 9 கிராம். அந்த அளவு உப்பு சிறுநீர்த் துவாரத்தின் மெல்லிய தோலில் எரியும்.

பாக்கெட்டுக்குள் தண்ணீர்ப் பை இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். கவரைத் திறக்கும் முன்பே பையை அழுத்தி உடைத்து, கதீட்டர் முழு நீளமும் நனையும்படி கவரைச் சாய்த்துச் சாய்த்துப் பிடியுங்கள். பெரும்பாலான வகைகளுக்கு 30 விநாடி, சிலவற்றுக்கு நேரம் வேறு. கவரில் போட்டிருப்பதே கணக்கு. தண்ணீர்ப் பை இல்லாத வகையென்றால் கொதிக்கவைத்து மூடி ஆறவைத்த குடிநீர். குழாயில் வரும் காவிரித் தண்ணீரானாலும் கொதிக்கவைத்தே ஆகவேண்டும். கிணற்று உப்பு கொதித்தாலும் போகாது, அதனால் அதை விட்டுவிடுங்கள். நனைந்த பிறகு உதறாதீர்கள், துணியால் துடைக்காதீர்கள், வெளியே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள். நம் கடற்காற்றில் சில நிமிடத்திலேயே மேற்பரப்பு பிசுபிசுக்கத் தொடங்கும்.

போகும்போது வழுக்குகிறது, எடுக்கும்போது பிடிக்கிறது என்று பலர் சொல்வதற்கும் காரணம் உப்புதான். வெறும் தண்ணீரில் ஊறிய பூச்சு உள்ளே போனதும், அதைவிட உப்பான சிறுநீரும் திசுவும் அதிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும். அதனால்தான் நல்ல தயாரிப்புகளில் பூச்சுக்குள்ளேயே உப்பு சேர்க்கிறார்கள். 1983-இல் சுவீடனில் வந்த லோஃப்ரிக் கதீட்டர் இந்த வகையின் முன்னோடி. எடுக்கும்போது பிடித்தால் இழுக்காதீர்கள். ஒரு நிமிடம் விட்டு, மூச்சை மெதுவாக விடச் சொல்லி, மெல்லத் திருப்பியபடி எடுங்கள். ரத்தம் நிற்காமல் வந்தாலோ, காய்ச்சலும் குளிரும் வந்தாலோ அன்றே மருத்துவமனை.

கீழக்கரை: காக்கா (அண்ணே), தம்பி சங்கு குளிக்கப் போய் வேகமா மேல வந்ததுல முதுகுத்தண்டு பாதிச்சு, சிறுநீர் தானா வர்றதில்ல. ஒரு நாளைக்கு அஞ்சு கதீட்டர். கட்டுப்படியாகல. கழுவித் திரும்ப வைக்கலாமா?

கோட்டிங் போட்டதை வைக்கக் கூடாது. ஒருமுறை பயன்படுத்தியதும் பூச்சில் புரதமும் கிருமியும் ஏறிவிடும். சோப்பு போட்டால் அந்தப் பஞ்சு போன்ற படலத்துக்குள் சோப்பும் தங்கும். காய்ந்து மீண்டும் நனைந்தால் வெடிப்பு விழுந்து செதிலாகக் கழன்று வரும். வெந்நீரில் கொதிக்கவைத்தால் இன்னும் மோசம். கவரில் 2 என்ற எண்ணைக் குறுக்கே அடித்த குறி இருக்கும், மறுபடி பயன்படுத்தாதே என்று அதற்குப் பொருள்.

ஆனால் பணம் இல்லை என்று கதீட்டர் வைக்கும் எண்ணிக்கையைக் குறைத்துவிடாதீர்கள், அதுதான் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சுத்தமாகக் கைகழுவி இடைவெளிவிட்டு கதீட்டர் வைக்கும் முறையை 1972-இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடஸ் எடுத்துச் சொன்னபோது அவர் அழுத்திச் சொன்னதும் அதுவே: சிறுநீர்ப்பை நிரம்பி விரிய விடாமல் நேரத்துக்கு வடிப்பது. ஒரு நாளைக்கு 4 முதல் 6 முறை, ஒரு தடவைக்கு 400–500 மில்லிக்கு மேல் சேரக் கூடாது. கோட்டிங் இல்லாத சாதாரண பி.வி.சி. கதீட்டரும் தண்ணீரில் கரையும் ஜெல்லியும் பல மடங்கு மலிவு. அதற்கு மாறலாமா, அதை எப்படிக் கையாள்வது என்று சிறுநீரியல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். கோட்டிங் உள்ளதை வெளியூர்ப் பயணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு, அது நல்ல வழி. ஆணுக்கு வழக்கமான அளவு 12 அல்லது 14 பிரெஞ்சு. 3 பிரெஞ்சு என்றால் 1 மி.மீ., ஆக 12 என்பது 4 மி.மீ. விட்டம்.

தொண்டி: கோட்டிங் உள்ளதுமேல ஜெல்லியோ தேங்காய் எண்ணெயோ தடவலாமா?

எண்ணெய், வாசலின் எதுவும் கூடாது. எண்ணெய் மூடினால் பூச்சுக்குத் தண்ணீர் போகாது. நனைத்தபின் ஜெல்லி தேவையில்லை.

ராமநாதபுரம், கேத் லேப் (ரத்தக்குழாய்ச் சிகிச்சைக்கூடம்) டெக்னீஷியன்: சார், ரத்தக்குழாய்க்குள் கதீட்டருக்கு வழிகாட்டும் கைடு வயர், கேஸின் பாதியிலேயே கரகரப்பாகிவிடுகிறது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துத்தான் கொடுக்கிறோம்.

ஸ்பிரிட்தான் காரணம். ஆல்கஹால் பூச்சிலிருந்து தண்ணீரை உறிஞ்சும், சில பூச்சுகளின் ஒட்டுப் படலத்தையும் இளக்கும். உலர்ந்த காஸ் துணியும் அதே கேடு, சுரண்டி எடுக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த சலைனில் நனைத்த காஸ் துணியால் மட்டும், அதுவும் அழுத்தாமல் துடையுங்கள். வயரை அது சுருட்டி வரும் வளையத்திலிருந்து உருவும் முன் சலைனை ஊசியால் வளையத்துக்குள் நிரப்புங்கள். உருவ வரவில்லையென்றால் இன்னும் சலைன் விடுங்கள், பலம் வேண்டாம். மேசையில் வைக்கும்போது சலைன் கிண்ணத்துக்குள் சுருட்டி வையுங்கள்.

உலோக ஊசி வழியாக இந்த வயரைப் பின்னால் இழுப்பதுதான் மிகப் பெரிய தவறு. ஊசியின் கூர்விளிம்பு பூச்சைக் கத்திபோல் சீவிவிடும். ஊசிக்குப் பதில் பிளாஸ்டிக் கான்யுலாவை (மெல்லிய குழாயை) மாற்றிய பிறகே இழுக்க வேண்டும். சீவிய துணுக்கு ரத்தத்தோடு போய் நுரையீரலிலோ மூளையிலோ சிறு குழாயை அடைத்தால் பக்கவாதம், திசு அழிவு வரை போகும். 2015 நவம்பரில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்தப் பூச்சு உரிதலைப் பற்றி மருத்துவர்களுக்குத் தனி எச்சரிக்கையே விட்டது. அளவு பொருந்தாத கதீட்டருக்குள் வயரைத் திணிப்பதும் இதே விளைவைத் தரும்.

ஏர்வாடி: சிறுநீரகக் கல் எடுத்துட்டு டி.ஜே. ஸ்டென்ட் (சிறுநீரகத்துல இருந்து சிறுநீர்ப்பைக்கு வடிக்கிற உள்குழாய்) வச்சிருக்காங்க. கோட்டிங் உள்ளது, ஆறு மாசம் இருக்கலாம்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க.

டாக்டர் எழுதிய தேதிதான் தேதி. கோட்டிங் உதவுவது ஸ்டென்ட் உள்ளே நுழையும்போது. உள்ளே போனதும் சிறுநீரின் புரதமும் உப்பும் அதன்மேல் படலம் கட்டத் தொடங்கிவிடும், அதன்மேல் கல் படியும். கல் படியும் உடம்புக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். மறந்துபோன ஸ்டென்ட் கல்லோடு இறுகி, அதை எடுக்கத் தனி அறுவை தேவைப்பட்டவர்கள் உண்டு. தேதியை வீட்டுச் சுவர்க் காலண்டரில் எழுதி மாட்டுங்கள். இதயம், சிறுநீரகத்துக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதவர் என்றால், நாளுக்கு 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் போகும் அளவு குடிக்க வேண்டும். நம் வெயிலில் அதற்கு 3 லிட்டருக்கு மேல் ஆகும்.

தேவிபட்டினம்: அம்மாவுக்குக் கண்புரை. ஹைட்ரோஃபிலிக் (தண்ணிய ஈர்க்கிறது), ஹைட்ரோஃபோபிக் (தண்ணிய விலக்குறது) ரெண்டு லென்ஸ் சொல்றாங்க. தண்ணி உள்ளதுதானே நல்லது?

இங்கே அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். கதீட்டரில் தண்ணீர் மேற்பூச்சில் மட்டும். ஹைட்ரோஃபிலிக் அக்ரிலிக் லென்ஸில் லென்ஸே 18 முதல் 28 சதவீதம் வரை தண்ணீர். மிருதுவானது, சிறிய துளை வழியே மடிந்து போகும். ஆனால் சில கண்களில் கால்சியம் படிந்து லென்ஸே வெளுக்கலாம். லென்ஸுக்குப் பின்னுள்ள சவ்வு மங்குவதும் ஹைட்ரோஃபோபிக் வகையைவிடச் சற்று அதிகம். சவ்வு மங்கினால் யாக் லேசரால் சரிசெய்யலாம்; கால்சியம் படிந்தால் லேசர் உதவாது, லென்ஸை மாற்றத்தான் வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் மருத்துவரிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

ராமேஸ்வரம், பொறியியல் மாணவி: ஐயா, பி.வி.சி. குழாயை பி.வி.பி. கரைசலில் முக்கிக் காயவைத்தேன். தண்ணீரில் போட்டதும் கோட்டிங் முழுதும் கரைந்துபோகிறது. எங்கே தவறு?

பி.வி.பி. தண்ணீரில் கரையும் பொருள் அம்மா. சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்காமல் விட்டால் கரைந்துதான் போகும். ஐசோபுரப்பைல் ஆல்கஹால் 95 கிராமில் பி.வி.பி. கே-90 வகை 5 கிராம், புற ஊதா ஒளியில் சங்கிலிகளைப் பிணைக்க உதவும் பென்சோஃபினோன் 0.1 முதல் 0.2 கிராம் வரை எடுத்துத் தொடங்குங்கள். இரவு முழுக்கக் கலக்கினால்தான் கட்டியில்லாமல் கரையும். குழாயை ஆல்கஹால் துணியால் துடைத்தால் போதும். ஊறவைத்தால் பி.வி.சி.யை மென்மையாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் வெளியேறி, குழாய் விறைத்துவிடும். முக்கி ஒரே சீரான வேகத்தில் மேலே இழுங்கள். வேகம் கூடினால் பூச்சு தடிக்கும், தடித்தால் வெடிக்கும். 60 டிகிரிக்கு மேல் காயவைக்காதீர்கள், குழாய் வளையும். பிறகு புற ஊதா விளக்கின் கீழ் சில நிமிடம், குழாயைச் சுழற்றியபடி. நிழல் விழுந்த பக்கம் பிணையாமல் உரிந்துவிடும். ஆல்கஹால் தீப்பற்றும், விளக்கு கண்ணைக் கெடுக்கும். இரண்டுக்கும் காப்பு வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் பூச்சு வெள்ளையாகப் பனித்ததுபோல் வந்தால் கரைசலைக் குறை சொல்லாதீர்கள். ஆல்கஹால் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் இறங்குகிறது. அறையின் ஈரப்பதத்தைக் குறைத்துவிட்டுச் செய்யுங்கள். பூச்சு சீரா என்று பார்க்க காங்கோ ரெட் சாயம்: பி.வி.பி. உள்ள இடம் சிவக்கும், விடுபட்ட இடம் வெளிறித் தெரியும். பிறகு நனைத்து, ரப்பர் பட்டைகளுக்கு இடையே ஒரே அழுத்தத்தில் 25 முறை இழுத்து, முதல் இழுப்புக்கும் கடைசி இழுப்புக்கும் விசை எவ்வளவு கூடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இது ஆய்வக மாதிரி மட்டும். எஞ்சிய பென்சோஃபினோனைக் கழுவி எடுத்து, ஐ.எஸ்.ஓ. 10993 உயிரியல் பாதுகாப்புச் சோதனைகளைத் தாண்டாமல் எந்த உடலிலும் வைக்கக் கூடாது.

அதே மாணவி: நம்ம கட்டக்கோரைப் பாசியிலிருந்து வரும் ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருளை பி.வி.பி.க்குப் பதிலாகப் போடலாமா?

கால்சியம் குளோரைடு கரைசலில் முக்கினால் அழகாகக் கெட்டிப்படும், நன்றாகவே வழுக்கும். ஆனால் சிறுநீரில் உள்ள சோடியம் கால்சியத்தை மெல்ல வெளியேற்றும், பிணைப்பு தளர்ந்து பூச்சு கூழாகும். குழாயின் மேற்பரப்போடு வேதிப்பிணைப்பு போட்டு நிறுத்த முடிந்தால் பயன்படும். பிளாஸ்மா (மின்னேற்றிய வாயு) கொடுத்து அதன்மேல், பிணைப்புக்கு இடம் தரும் அமீன் என்ற நைட்ரஜன் சேர்மத்தின் படலம் அமைத்து முயலுங்கள். பிளாஸ்மா கொடுத்த அன்றே அடுத்த படலத்தைப் போட்டுவிட வேண்டும், மேற்பரப்பு நாளாக நாளாகப் பழைய குணத்துக்குத் திரும்பிவிடும்.